மெட்ராஸிலிருந்து இரண்டு மணி நேரம்

மாமா,

உங்கள் கோட்டு என் மடியில் கிடக்கிறது. அத்தை டிரைவர் காதர் பாயிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். உங்கள் பெரிய பையனுக்கு அளவு குறைத்துத் தைத்துக் கொடுக்க வேண்டுமாம். நல்ல துணி, வீணாக்க வேண்டாம் என்று சொல்லியனுப்பினாள். தையலைப் பிரிப்பதற்கு முன்னால் பைகளைத் துழாவிப் பார்ப்பது என் வழக்கம். கையை விட்டதுமே பெட்ரோலும் மூக்குப்பொடியும் கலந்த உங்கள் வாடை எழுந்து வந்தது. பிறகு ஓர் அட்டை வந்தது. ஏரோப்ளேன் புறப்படும் நேரமும் வந்து சேரும் நேரமும் அச்சடித்த அட்டை. மெட்ராஸ், திருச்சி என்ற இரண்டு வரிகளையும் நீலப் பென்சிலால் வளைத்து, பக்கத்தில் உங்கள் கையெழுத்தில் "2 மணி" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கீழே ஒரு கோடு, அட்டை கிழிகிற அளவுக்கு அழுத்தி.

போனவர்களைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டும் என்று சித்தப்பா சொல்கிறார். நான் பேசவில்லை, எழுதுகிறேன். நீங்கள் இருந்தவரை உங்கள் முன்னால் எனக்கு நாக்கு எழும்பியதில்லை. நீங்கள் இரண்டு தடவை கேட்டால் ஒரு வார்த்தை சொல்வேன், அதையும் தரையைப் பார்த்துச் சொல்வேன். இப்போது நீங்கள் குறுக்கே பேச முடியாது. அதனால் முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்கு ஊர்கள் எல்லாம் மணிக்கணக்காகத்தான் தெரியும். முசிறி ஒன்றே கால் மணி, உங்கள் பஸ் வழியில் தண்ணீர் ஊற்ற நிற்காவிட்டால். தஞ்சாவூர் ஒன்றரை. யாராவது எத்தனை மைல் என்று கேட்டால் உங்களுக்கு எரிச்சல் வரும். "மைலைக் கேட்டு என்ன பண்ணப் போறே, நடந்தா போகப் போறே?" என்பீர்கள். அக்கா கல்யாணம் ஆகி முதல் தடவை மெட்ராஸுக்குப் போனபோது எங்களை உங்கள் காரில் கூட்டிப் போனீர்கள். விடியும்போது புறப்பட்டு விளக்கு வைக்கும்போது போய்ச் சேர்ந்தோம். இரண்டு இடத்தில் பஞ்சர். பாலாற்று மணலில் சக்கரம் புதைந்து, நானும் அம்மாவும் இறங்கி வெயிலில் நின்றோம். அன்று ராத்திரி சம்பந்தி வீட்டில் நீங்கள் எட்டே மணி நேரத்தில் வந்ததாகச் சொன்னீர்கள். நின்ற நேரத்தையெல்லாம் கழித்துவிட்டீர்கள். நாங்கள் நின்ற நேரம் உங்கள் கடிகாரத்தில் ஓடவில்லை போலிருக்கிறது.

அக்காவை அவ்வளவு தூரத்தில் கொடுக்க அம்மாவுக்கு மனமே இல்லை. லால்குடியோ முசிறியோ போதும் என்றாள். காலையில் போய்ப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்புகிற இடமாக இருக்க வேண்டும் என்பதுதான் அவள் கேட்ட ஒரே பொருத்தம். அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் முடிவு சொல்கிற ஆள் நீங்கள். மெட்ராஸ் என்ன சீமையிலா இருக்கிறது என்று சிரித்தீர்கள். கூடிய சீக்கிரம் ஏரோப்ளேன் விடப் போகிறார்கள், காலைப் பலகாரம் அங்கே, மத்தியானச் சோறு இங்கே என்றீர்கள். அம்மா நம்பினாள். தன் அண்ணன் சொன்னதை அவள் எப்போதுதான் நம்பாமல் இருந்தாள்?

அக்காவுக்கு முதலில் வந்தது தங்கவில்லை. ஐந்தாம் மாதத்தில் ரயிலில் ஸ்ரீரங்கத்துக்கு, நம் வீட்டுக்கு வந்தாள், வந்த நாலாம் நாள் கலைந்துவிட்டது. வயிற்றுப் பிள்ளையோடு ஆற்றைத் தாண்டியதால்தான் என்று அவள் மாமியார் சொல்லிவிட்டாள். இரண்டாவது தரித்தபோது, பிரசவம் மெட்ராஸில்தான், பிள்ளை பிறக்கும்வரை மருமகள் ஒரு வாய்க்காலைக்கூடத் தாண்டக் கூடாது என்று தீர்த்துச் சொன்னாள். அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் ஊரிலும் அதைத்தானே சொல்கிறார்கள்.

ஆனால் அந்த வருஷம்தான் அம்மா படுக்கையில் விழுந்தாள். கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்தபடியே இருந்தாள். இருதயம் பலவீனம், கட்டிலை விட்டு இறக்கக் கூடாது என்றார் டாக்டர். அன்றைக்கே நீங்கள் என் பள்ளிக்கூடத்தை நிறுத்தினீர்கள். எட்டாம் வகுப்பில் பாதி. "போதும், நாலு எழுத்து தெரிஞ்சா போதும். அம்மாவைப் பாரு" என்றீர்கள். அதில்கூட எனக்குக் கோபம் இல்லை. அம்மாவை யாராவது பார்க்கத்தான் வேண்டும்.

அம்மா கேட்டது ஒன்றுதான். அக்காவை வளையலோடு பார்க்க வேண்டும். தன் கையாலேயே வளையல் போட வேண்டும். ஒவ்வொரு நாளும் கேட்டாள்.

அப்போதுதான் திருச்சிக்கு ஏரோப்ளேன் விட ஆரம்பித்தார்கள், நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டீர்கள். மெட்ராஸுக்குப் போய்ச் சம்பந்தியம்மாவிடம் பேசினீர்கள். அவள் விரலை மடக்கி எண்ணினாளாம்: பாலாறு, பெண்ணையாறு, வெள்ளாறு, கொள்ளிடம். இதில் எதைத் தாண்டாமல் கூட்டிப் போவீர்கள் என்று கேட்டாளாம். நீங்கள் சொன்ன பதிலை அக்கா எனக்கு அப்படியே சொல்லியிருக்கிறாள்.

"ஆகாசத்துல ஏதுங்க ஆறு? தண்ணியிலயும் கால் படாது, பாலத்துலயும் கால் படாது. ரெண்டு மணி நேரம். ஒரு ஆத்தையும் தாண்டாம கொண்டு போய்ச் சேர்க்கறேன். இது சத்தியம்."

அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தீர்கள். அவளும் சம்மதித்தாள். உங்கள் இரண்டு பேருக்கும் ஒன்று தோன்றவில்லை. ரயிலிலோ காரிலோ வடக்கிலிருந்து வந்தால் கொள்ளிடத்தைத் தாண்டியதும் ஸ்ரீரங்கம் வந்துவிடும். காவேரி அதற்கு அப்புறம். அதைத் தாண்டுகிற வேலையே இல்லை. அதனால்தான் அது அவள் விரலில் வரவில்லை. ஏரோப்ளேன் இறங்குகிற மைதானமோ திருச்சிக்கும் தெற்கே இருக்கிறது. அங்கே இறங்குகிறவள் எங்கள் வீட்டுக்கு வர வேண்டுமானால் திரும்பி வடக்கே வந்து காவேரியைத் தாண்டியாக வேண்டும். ஆற்றையே தவிர்க்க நீங்கள் கண்டுபிடித்த வழியில்தான் அந்த ஆறு குறுக்கே கிடந்தது. ஊருக்கெல்லாம் வழியும் நேரமும் சொன்ன நீங்கள், பிறந்து வளர்ந்த ஊருக்கு வழி பார்க்க மறந்தீர்கள்.

அன்று காலையில் அம்மாவின் கட்டிலை முற்றத்துக்கு இழுத்துப் போட்டேன். ஆவணி மாதம், வானம் வெளுத்துக் கிடந்தது. பதினோரு மணி இருக்கும், சத்தம் கேட்டது. கொள்ளிடத்துப் பக்கமிருந்து அது வந்தது, வெள்ளையாக, நான் நினைத்ததைவிடச் சின்னதாக. அம்மா கையைத் தூக்கிக் காட்டினாள். அவள் கை அவ்வளவு உயரம் எழும்பி நான் வெகு நாளாகப் பார்த்ததில்லை.

"அக்கா போறா பாருடி. நம்ம வீட்டு மேலயே போறா."

போனாள். எங்களைத் தாண்டி, மொட்டைக் கோபுரத்தைத் தாண்டி, காவேரிக்கு மேலே தெற்கே போனாள். நான் ஆரத்தித் தட்டைக் கரைத்து வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து உங்கள் கார் ஹாரன் வாசலில் கேட்டது. தட்டோடு ஓடினேன். காதர் பாய் மட்டும் இறங்கினார். தட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"வண்டி பாலத்துக்கிட்ட வந்துச்சு பாப்பா. நான்தான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம, 'இந்த ஆத்தைத் தாண்டிட்டா அம்மா வீடுதான்'னு சொன்னேன். மாமா நிறுத்துன்னாரு. இறங்கித் தண்ணியைப் பார்த்துக்கிட்டே நின்னாரு. அப்புறம் வண்டியைத் திருப்புன்னாரு."

அக்காவை அக்கரையிலேயே, மன்னார்புரத்தில் உங்கள் வீட்டில் இறக்கியாயிற்று என்றார். நான் உள்ளே போய் அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தாள்.

"காவேரியாடி ஆறு? நாம தினம் குளிக்கிற தண்ணி. அதைப் போயி ஆறுங்கறானா எங்கண்ணன்?"

சாயங்காலத்துக்குள் உங்களுக்குப் புத்தி வந்துவிடும் என்று நினைத்தாள். கட்டிலை உள்ளே போட விடவில்லை.

மெட்ராஸிலிருந்து இரண்டு மணி நேரம். மன்னார்புரத்திலிருந்து எங்கள் வீடு ஐந்து மைல், உங்கள் காரில் இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்துக்கு நீங்கள் பூட்டுப் போட்டீர்கள். அக்காவைக் காவேரியைத் தாண்ட விடவில்லை. நானாவது வருகிறேன், நாற்காலியில் வைத்துத் தூக்கிக் காரில் ஏற்றுங்கள் என்று அம்மா கெஞ்சினாள். அசைத்தால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டரைக் காட்டி அதையும் தடுத்தீர்கள். பத்து நாளில் எழுந்து உட்காருவாய், நானே வண்டி அனுப்புகிறேன் என்றீர்கள். அவள் உட்காருகிற மாதிரியா இருந்தாள்? உங்களுக்குக் கண் இல்லையா?

ஒன்று கேட்கிறேன். மேலே போவது தாண்டுவதில்லை என்றால், பாலத்தின் மேலே போவதும் மேலே போவதுதானே. அது தாண்டுவதுதான் என்றால், அக்கா அன்றைக்கே நாலு ஆற்றையும் காவேரியையும் சேர்த்துத் தாண்டிவிட்டாளே, நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்களே. இந்தக் கேள்வி எனக்கு அப்போதே தோன்றியது. பதினாலு வயசில், எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவளுக்குத் தோன்றியது. உங்கள் வீட்டுக் கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் என்னைப் பார்த்து "என்ன?" என்றீர்கள். "ஒண்ணுமில்ல மாமா" என்றேன்.

ஒரே ஒரு தடவை கேட்டேன், நினைவிருக்கிறதா? காவேரிக் கரையில், அம்மா மண்டபம் படித்துறையில் பூ விற்கிற அம்மாள் ஒருத்தி எனக்கு ஒரு பரிகாரம் சொன்னாள். மஞ்சள் துணியில் காசு முடிந்து, காவேரித் தாயிடம் வழி கேட்டு ஆற்றில் போட்டுவிட்டால் பிள்ளைத்தாய்ச்சி தாராளமாகத் தாண்டலாம், அவள் மகளே அப்படித்தான் வந்தாளாம். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். நீங்கள் பஸ் ஷெட்டில் நாலைந்து பேரோடு நின்றிருந்தீர்கள். கிட்டே வந்து மெதுவாகச் சொன்னேன். நீங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னீர்கள்:

"பார்த்தீங்களாய்யா, பள்ளிக்கூடத்தை விட்டதும் என் தங்கச்சி மக சாஸ்திரம் சொல்லக் கிளம்பிட்டா. பூக்காரிகிட்ட பாடம்."

அவர்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அதற்குப் பிறகு நான் உங்களிடம் எதையும் கேட்டதில்லை.

ஆனால் நீங்கள் கேட்டதைச் செய்தேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பஸ்ஸில் அந்தக் கரைக்கு வருவேன். வாசலிலேயே என்னை நிறுத்தி, அம்மா நன்றாக இருப்பதாகத்தான் சொல்ல வேண்டும் என்பீர்கள். அக்கா பயந்தால் வயிற்றில் இருப்பதற்கு ஆகாது, போன தடவை நடந்தது போதாதா என்பீர்கள். உள்ளே அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வருவாள். அம்மா எப்படி இருக்கு என்பாள். நீங்கள் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டே பக்கத்தில் நிற்பீர்கள்.

"நல்லா இருக்காங்க. கஞ்சி குடிச்சாங்க" என்பேன்.

அக்கா என்னை நம்பினாள். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது, நான் வாயே திறக்காதவள் என்று எல்லோருக்கும் தெரியும். திறந்தால் உண்மைதானே வரும்? அதனால்தான் அவள் அடம் பிடிக்கவில்லை. பிள்ளை பிறந்ததும் தூக்கிக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். உண்மை தெரிந்திருந்தால் உங்களைத் தள்ளிவிட்டு நடந்தே வந்திருப்பாள். உங்களுக்கு அது தெரியும். தெரிந்துதான் என் வாயைப் பயன்படுத்தினீர்கள்.

ஒரு நாள் அம்மா தன் பெட்டியிலிருந்து வளையல்களை எடுக்கச் சொன்னாள். சிவப்பும் பச்சையும், முன்பே கோயில் வாசல் கடையில் என்னை வாங்கிவரச் சொல்லி வைத்திருந்தவை. ஒவ்வொன்றையும் தன் கையில் போட முயன்றாள். வீக்கத்தில் விரலைத் தாண்டி ஏறவில்லை. பிறகு எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் மார்போடு வைத்திருந்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். "நான் போட்டதா நினைச்சுக்கிட்டுப் போட்டுக்கச் சொல்லு" என்றாள். நான் கொண்டுவந்தேன். அத்தைதான் போட்டுவிட்டாள். அக்கா கையை ஆட்டிச் சத்தம் கேட்டுவிட்டு, அம்மா ஏன் இப்போதே கொடுத்தனுப்பிவிட்டாள் என்று என்னைக் கேட்டாள். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள், "ஆசைதான், வேறென்ன" என்றீர்கள்.

ஏரோப்ளேன் வந்த நாளிலிருந்து இருபத்தாறாம் நாள், மத்தியானம், அம்மா போனாள். தண்ணீர் கேட்டாள், கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. கடைசியாகச் சொன்னது என்ன என்று எல்லோரும் கேட்டார்கள். தண்ணீர் என்றுதான் சொன்னாள். அதற்கு முந்தின நாள் வரை கார் சத்தம் கேட்கிறதா பார் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நீங்கள் அழுதீர்கள். வீதியே பார்க்க, தூணில் தலையை முட்டிக்கொண்டு அழுதீர்கள். அது நடிப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் சாம்பலைக் காவேரியில் கரைத்துவிட்டு வந்த ஈரத் துண்டோடு என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னதைச் சொல்லுவேன். அக்காவுக்குத் தெரியக் கூடாது. நான் வழக்கம் போல வந்து போக வேண்டும். வராவிட்டால் சந்தேகப்படுவாள்.

அம்மா செத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. உங்கள் வீட்டு வாசலில் அத்தை கையில் மல்லிகையோடு நின்றாள். வெறுந்தலையோடு உள்ளே போகக் கூடாது என்று என் தலையில் பூவை வைத்துவிட்டாள். அவளுக்கும் உங்களிடம் வாய் கிடையாது. உள்ளே போனேன். அக்கா கேட்டாள். நான் சொன்னேன். நல்லா இருக்காங்க. கஞ்சி குடிச்சாங்க. இப்படி ஒரு மாதத்துக்கு மேல். இல்லாதவளுக்குக் கஞ்சி ஊற்றினேன் மாமா. ஒரு நாள் அக்கா, அம்மா இப்போது எப்படித் தூங்குகிறாள், தலையணை வேண்டியிருக்கிறதா என்று கேட்டாள். இல்லை, நன்றாகப் படுத்தே தூங்குகிறாள் என்றேன். அக்கா சந்தோஷப்பட்டாள்.

பையன் பிறந்தான். இரண்டு உயிரையும் காப்பாற்றிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். இருக்கலாம். அவன் நன்றாக இருக்கிறான், அவன் முகத்தைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றும். நீங்கள் என்னிடம் ஜெயித்த ஒரே இடம் அது. அதற்காகவே உங்கள் மேல் இன்னும் ஆத்திரமாக வருகிறது. குற்றம் சொல்ல முடியாதபடி ஒரு குழந்தையைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டீர்கள்.

பிள்ளை பிறந்து முப்பது நாள் கழித்து அக்காவிடம் அம்மா போனதைச் சொன்னீர்கள். என்னையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டுதான் சொன்னீர்கள். அவள் உங்களை ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்பது போலக் கேட்டுக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீயுமாடி?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஆகிறது. மெட்ராஸிலிருந்து சித்தப்பாவுக்குக் கடிதம் எழுதுகிறாள், அத்தைக்கு எழுதுகிறாள். பாப்பாவுக்கு என்று ஒரு வரி வருவதில்லை. நீங்கள் அவளுக்கு மாமாவாகவே இருந்தீர்கள். உங்கள் காரியத்துக்கு அவள் என் மேல்தான் கோபம் கொண்டாள்.

யுத்தம் வந்து பெட்ரோலுக்கு ரேஷன் சீட்டு வைத்தார்கள். பஸ்கள் பாதி நின்றன. கார் ஷெட்டில் கிடந்தது. நீங்கள் படுத்தீர்கள். மூன்று நாள் காதர் பாய் நடந்தும் பஸ்ஸிலுமாக வந்து போனார். முதல் நாள், மாமா பாப்பாவைப் பார்க்கணும்ங்கறாரு என்றார். நாளைக்கு வருகிறேன் என்றேன். மறுநாள் வந்து, மாமா ஏதோ சொல்லணும்ங்கறாரு, வாயைத் திறந்து சொல்ல மாட்டேங்கறாரு என்றார். ஒரு ரவிக்கை பாக்கி இருக்கிறது, நாளைக்கு என்றேன். மூன்றாம் நாள் அவர் கேட்கவே இல்லை. வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஆத்துல தண்ணிகூட இல்ல பாப்பா. இப்ப வந்தாக்கூடப் போயிடலாம்."

தையல் மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. அன்று சாயங்காலம் நீங்கள் போய்விட்டீர்கள். நான் வந்தபோது எடுத்துப் போயிருந்தார்கள், வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

என்ன சொல்ல நினைத்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. மன்னிப்பாக இருக்கலாம், இந்தக் கோட்டைப் பற்றியும் இருக்கலாம். வராமல் போனதற்கு நான் வருத்தப்படவில்லை. வருத்தம் வருகிறதா என்று தினமும் பார்க்கிறேன், வரவில்லை. உங்களிடம் கற்றுக்கொண்டேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் மாட்டேன். நானாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

அக்காவுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். நாலு தடவை ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன். எல்லாம் மாமா சொல்லித்தான் என்று எழுதினால் முடிந்துவிடும். மறுத்துப் பேச நீங்கள் வரப் போவதில்லை, அவளும் ஒருவேளை நம்புவாள். ஆனால் நல்லா இருக்காங்க என்ற குரல் உங்களுடையது இல்லை. என் குரல். எழுத உட்கார்ந்தால் அதுதான் காதில் கேட்கிறது, கொஞ்சமும் தடுமாறாமல், தெளிவாக. வாழ்க்கையில் நான் இத்தனை தெளிவாகப் பேசியது அந்த இரண்டு மாதம்தான்.

உங்கள் மேல் இருக்கிற கோபம் அப்படியே இருக்கிறது மாமா. அதில் ஒரு பங்கு எனக்குச் சேர வேண்டியது. எவ்வளவு என்று பிரித்து எடுக்கத் தெரியாமல், முழுவதையும் நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்.